சனிக்கிழமைக் கவரும் நாற்பது பக்க நோட்டும்

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு மாதக் கணக்கு என்று ஒன்று கிடையாது, எல்லாம் சனிக்கிழமைதான். ராத்திரி ஏழரைக்குக் கவரைக் கையில் வாங்கினால் எட்டு மணிக்கு அண்ணாச்சி கடைப் பாக்கியில் பாதி, எட்டேகாலுக்கு வாரத் தவணைக்காரர் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார், அவருக்கு ஆயிரம், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு முந்நூறு, பால்காரருக்கு அந்த வாரத்துக்கு உண்டானது, மீதி அலமாரி டப்பாவுக்குப் போகும். புதன்கிழமை டப்பாவைத் தட்டினால் சில்லறைச் சத்தம்தான் வரும். வியாழனும் வெள்ளியும் பக்கத்து வீட்டு அக்காவிடம் நூறு இருநூறு கைமாற்று. மறுபடியும் சனி.

இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. நாங்கள் ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து 2011-ல் இங்கே வந்தவர்கள். வீட்டுக்காரர் ஓவர்லாக் மிஷின் டெய்லர், பீஸ் ரேட்டு, தைத்த பீஸுக்குத்தான் கூலி. வேலை நல்லா ஓடினால் வாரம் ஐந்தாயிரத்துக்கு மேலே எடுப்பார், ஓடாவிட்டால் இரண்டாயிரத்து ஐந்நூறு கூட வராது. நான் செக்கிங், தைத்த பீஸில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை, ஷிப்ட்டுக்கு 380 ரூபாய், அவசர ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட். இரண்டு பிள்ளைகள். பெரியவள் இப்போது பத்தாவது, சின்னவன் ஆறாவது.

2024 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த வாரம் வீட்டில் பெரிய சண்டை. பணம் எங்கே போகிறது என்று அவர் என்னைக் கேட்க, நீங்கள் குடிக்கிற டீயில் போகிறது என்று நான் சொல்ல, ராத்திரி பதினொரு மணி வரைக்கும் லைன் வீடு ஆறு குடும்பமும் கேட்கிற மாதிரி. மறுநாள் பெரியவள் ஒன்றும் பேசாமல் அவளுடைய பழைய நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "ரெண்டு பேரும் இதுல எழுதுங்க, அப்புறம் சண்டை போடுங்க" என்றாள். எழுதினோம், ஆறு மாசம், ஒரு நாள் விடாமல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரும்பாலும்.

இதை எழுதவே காரணம் அந்த நோட்டில் தெரிந்த ஒரு விஷயம்தான். விலைவாசி என்றால் தக்காளி, பருப்பு, எண்ணெய், கேஸ் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மளிகை, காய், பால், முட்டை, கறி எல்லாம் சேர்த்து மாதம் 8,400 ரூபாய் வந்தது. வாடகை 5,500. வட்டியும் தவணையும் மட்டும் கூட்டிப் பார்த்தால் 10,000 ரூபாயைத் தாண்டியது. சாப்பிடுகிறதை விட வட்டிக்காரர்களுக்கு அதிகம் கட்டிக்கொண்டிருந்தோம், அது தெரியாமல் நான் சந்தையில் கத்தரிக்காய்க்கு அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்லி நின்றுகொண்டிருந்தேன்.

சரி, இந்தக் கடனெல்லாம் எப்படி வந்தது என்று பின்னாடியே போய்ப் பார்த்தோம். என் இரண்டரைப் பவுன் செயின் அடகுக்கடைக்குப் போனது 2022 மே மாதம். அப்போது நூல் விலை ஏறிக் கிடந்தது, ஊரே கடையடைத்துப் போராடியது, கம்பெனிகள் ஆர்டர் எடுக்கப் பயந்தன. வீட்டுக்காரருக்கு ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அறுபதாயிரம் வாங்கினோம், நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி, மாதம் 1,200. அடுத்தது குழுக் கடன், பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுக்கிற மைக்ரோ பைனான்ஸ் கம்பெனியில் ஐம்பதாயிரம், 2023 ஆகஸ்டில். அதற்கு முந்தின மாதம்தான் தக்காளி கிலோ நூறைத் தாண்டிப் போனது, அண்ணாச்சி கடைப் பாக்கியும் ஏறியிருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் அந்தக் கடனில் பாதி நாத்தனார் மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் செய்யப் போனது. தட்டு குறைந்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும், அதனால் அதைப் பற்றி இங்கே யாருக்கும் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இந்தக் குழுக் கடனுக்குத் தவணை மாதம் 2,670, இருபத்து நான்கு மாசத்துக்கு. ஃபிரிட்ஜுக்கும் போனுக்கும் தவணை 1,900. கடைசியாக வாரத் தவணை, அது வருஷா வருஷம் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது வாங்க ஆரம்பிப்பது, அப்புறம் ஒன்று முடிவதற்குள் இன்னொன்று.

அந்த வாரத் தவணையைத்தான் பெரியவள் பிடித்தாள். பத்தாயிரம் என்று எழுதுவார்கள், கையில் 8,500 தருவார்கள், வாரம் ஆயிரம் வீதம் பத்து வாரம். ஆயிரத்து ஐந்நூறுதானே, அவசரத்துக்குக் கொடுக்கிறார், போகட்டும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். அவள் போனில் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு, "அம்மா, வாரா வாரம் அசலும் குறையுதுல்ல, அப்ப இது வாரத்துக்கே நூத்துக்கு மூணு ரூபாய்க்கு மேல வருது, வருஷத்துக்கு நூத்தி அறுபது" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. இரண்டாவது தடவை சொன்னபோது அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அடகுக்கடை சேட்டு வருஷத்துக்கு இருபத்து நான்கு வாங்குகிறார் என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்த நான், ஹாரன் அடிக்கிறவருக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கேஸ் சிலிண்டர் 2023 மார்ச்சில் சென்னை விலை 1,118 ரூபாய் 50 காசு, எங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே. அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில் 200 குறைத்தார்கள், 2024 மார்ச்சில் இன்னும் 100 குறைந்தது, 818 ரூபாய் 50 காசுக்கு வந்தது. தக்காளியும் இரண்டு மாதத்தில் இறங்கிவிட்டது. ஆனால் விலை ஏறியிருந்த சமயத்தில் வாங்கின கடன் எதுவும் கூடவே இறங்கவில்லை, அதன் தவணை அது பாட்டுக்கு ஓடியது. டிவியில் பணவீக்கம் குறைந்தது என்று சொல்லும்போது எங்கள் வீட்டில் ஏன் ஒன்றும் குறையவில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

நோட்டு எழுத ஆரம்பித்த புதிதில் செலவைக் குறைக்கிறேன் என்று நான் செய்த கூத்துகளையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி ஃபிரிட்ஜை அணைத்து வைத்தேன், மூன்றாம் நாள் இட்லி மாவு புளித்துப் பொங்கிக் கீழே வழிந்தது, இரண்டு கிலோ அரிசி மாவு சாக்கடைக்கு. மொத்தமாக வாங்கினால் மலிவு என்று 26 கிலோ அரிசி மூட்டையைக் கடனுக்கு எடுத்தேன், வீட்டில் மூட்டை இருக்கிற தைரியத்தில் ஊரில் இருந்து வருகிறவர்களுக்கெல்லாம் கட்டிக் கொடுத்தோம், எப்போதும் போல அதே நாளில்தான் தீர்ந்தது. எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு முட்டையையும் வாரக் கறியையும் நிறுத்தியது. மூன்று மாசம். பெரியவள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள், நான் படிப்புக்குப் பயந்து சாக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் பள்ளியில் மயங்கி விழுந்தாள். பயத்தில் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், ரத்தத்தில் இரும்புச் சத்து இல்லை என்றார்கள், டிரிப்ஸ் ஏற்றி டெஸ்ட் எடுத்து 2,300 ரூபாய். பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சத்து மாத்திரை சும்மாவே கொடுத்தார்கள். வீட்டுக்காரருக்குச் சம்பளத்தில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு, பிடிக்கிறார்கள், அந்தக் கார்டில் எங்கள் எல்லாருக்கும் பார்க்கலாம், ஆனால் அரை நாள் சம்பளம் போய்விடுமே என்று அதுவரை ஒரு தடவை கூடப் போனதில்லை. அரை நாள் சம்பளம் 190 ரூபாய். இதையும் நோட்டில்தான் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

ரேஷன் கார்டு விஷயம் கொஞ்சம் குடும்ப அரசியல். எங்கள் கார்டு ஊரில் மாமியார் கையில் இருந்தது, அரிசி பருப்பெல்லாம் அவர் வாங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் இங்கே வெளியில் துவரம்பருப்பைக் கிலோ 170, 180 கொடுத்து வாங்கினோம். ரேஷனில் அது 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை 25, அரிசி இலவசம். விலாசத்தைத் திருப்பூருக்கு மாற்றலாமா என்று கேட்டதற்கு மாமியார் ஒரு வாரம் போன் எடுக்கவில்லை. நியாயம்தான், அவருக்கும் அந்த அரிசிதான் சாப்பாடு. கடைசியில் அவர் பெயரை நீக்கித் தனிக் கார்டுக்கு எழுதிப் போட்டு, அது கைக்கு வரும் வரைக்கும் மாதா மாதம் 500 அனுப்புகிறேன் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார். ஊரை விட்டு வந்தவர்கள் இதை முதல் வருஷமே செய்துவிட வேண்டும். நாங்கள் பதின்மூன்று வருஷம் கழித்துச் செய்தோம்.

கரண்ட் கதை வேறு மாதிரி. லைன் வீட்டில் ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சர்வீஸ், எங்களுக்கெல்லாம் உள் மீட்டர். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று ஓனரம்மா வாங்குவார். எங்களுக்கு மாதம் 110 யூனிட் ஓடும், 990 ரூபாய். தனி மீட்டர் இருக்கிற வீட்டில் இரண்டு மாதத்துக்கு இதே 220 யூனிட் ஓடினால், அப்போதைய கட்டணத்தில் முதல் நூறு இலவசம் போக பில் 330 ரூபாய் பக்கத்தில்தான் வந்திருக்கும். ஆத்திரத்தில் உடனே வீடு மாறிவிடலாம் என்று கிளம்பினேன். அனுப்பர்பாளையம் பக்கம் தனி மீட்டரோடு ஒரு வீடு பார்த்தோம். வாடகை 6,200. கரண்டில் மாதம் 825 மிச்சம், வாடகையில் 700 கூடுதல், ஆக லாபம் 125 ரூபாய். அதற்கு டெம்போ செலவு, அட்வான்ஸில் இருபதாயிரம் கூடக் கேட்கிறார்கள், அந்த இருபதாயிரத்தை எங்கே வாங்குவது, மறுபடியும் ஹாரன்காரரிடமா? விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக ஆறு வீட்டுப் பெண்களும் சேர்ந்து ஓனரம்மாவிடம் போனோம். "ஏங்கண்ணு, ஆறு வீடும் ஒண்ணா ஓடுறதுல ஸ்லாபு ஏறிப்போகுது, எனக்கே பில்லு எவ்வளவு வருதுன்னு பாரு" என்று பில்லை எடுத்துக் காட்டினார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது, ஆனால் ஒன்பது ரூபாய்க்கு இல்லை. பேசிப் பேசி எட்டுக்கு வந்தது. மாதம் 110 ரூபாய், வீடு மாறினால் கிடைத்திருக்கும் லாபத்துக்குப் பதினைந்து ரூபாய் குறைவு, சாமான் தூக்கும் வேலை இல்லை.

காய்கறிக்குத் தென்னம்பாளையம் உழவர் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போய்விடுவேன், பலகையில் அன்றைய விலை எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் பையை எடுப்பது. மகளிர் இலவசம் என்பதால் டவுன் பஸ்ஸுக்குக் காசு இல்லை. ஊரில் அம்மாவுக்குப் போன் போட்டால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி என்ன விலை போகிறது என்று சொல்லும். பெட்டி நூறு ரூபாய்க்குக் கேட்க ஆள் இல்லாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்த வாரத்தில், எங்கள் தெருக் கடையில் கிலோ இருபதுக்கு நான் வாங்கியிருக்கிறேன். விதைத்தவருக்கும் மிஞ்சவில்லை, வாங்குகிறவருக்கும் குறையவில்லை. இந்தக் கணக்கு எந்த நோட்டிலும் எனக்கு வரவே இல்லை, போகட்டும்.

கடனை அடைத்த வரிசையைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படலாம். 2024 தீபாவளி போனஸ் வந்ததும் துணி எடுக்கப் போகாமல் வாரத் தவணையின் பாக்கியை மொத்தமாகக் கொடுத்து முடித்தோம். சின்னவன் அழுதான். காதர்பேட்டையில் செகண்ட்ஸ் டிஷர்ட் இரண்டு வாங்கிக் கொடுத்தேன், பனியன் ஊரில் இருந்துகொண்டு துணிக்குக் கடன் வாங்குவதை விட அது மேல். அந்த ஆயிரம் ரூபாய் அடுத்த சனிக்கிழமை கவரிலேயே இருந்தது, அதில் ஐந்நூறை பிஸ்கட் டின் ஒன்றில் போட ஆரம்பித்தோம். டின் மேலே பெரியவள் "ஜூன்" என்று எழுதி ஒட்டினாள். மற்ற எதற்கும் முன்னால், அண்ணாச்சி கடைக்குக் கூட முன்னால், டின். மாதச் சம்பளக்காரர்கள் சொல்கிற பட்ஜெட் எல்லாம் வாரக் கூலிக்காரர்களுக்குப் பொருந்தாது, பள்ளிக்கூடம் திறப்பதும் காது குத்தும் காய்ச்சலும் சனிக்கிழமைக் கணக்கில் எங்கேயும் தெரியாது, திடீரென்று வந்து நிற்கும்.

அப்புறம் செயின். 2025 பொங்கலுக்குத் தங்கச்சி மாப்பிள்ளை அறுபதாயிரம் ஒரே ஒரு நாளைக்குக் கொடுத்தார். காலையில் அடகுக்கடையில் திருப்பி, மதியம் வங்கியில் வைத்தோம், ஒன்பதரை சதவீத வட்டி. அறுபதாயிரத்துக்கு வருஷம் 14,400 கட்டின இடத்தில் 5,700. முன்பே செய்திருக்கலாம். வங்கி என்றால் பேப்பர் கேட்பார்கள், காக்க வைப்பார்கள் என்று சேட்டு கடையிலேயே மூன்று வருஷம் கிடந்தோம். காக்க வைக்கத்தான் செய்தார்கள், ஆனால் ஒரு நாள்தான்.

அங்கே ஒரு சோதனை வந்தது. தங்கம் விலை ஏறிவிட்டதால் ஒரு லட்சத்துக்கு மேலேயே தரலாம் என்றார் மதிப்பீட்டாளர். வீட்டுக்காரர் கண்ணில் ஒரு வண்டி ஓடியதைப் பார்த்தேன். தங்கம் ஏறுவது நமக்கு லாபம் மாதிரித் தெரியும், ஆனால் அடகில் இருக்கிற தங்கம் ஏறினால் இன்னும் ஆழமாகக் குழி தோண்ட மண்வெட்டி கொடுத்த மாதிரிதான். எண்பதாயிரம் மட்டும் போதும் என்றேன். தங்கச்சி மாப்பிள்ளைக்கு அறுபது போக மீதியில் குழுக் கடன் பாக்கி பதினேழாயிரத்துச் சொச்சத்தை அடைக்கப் போனால், நடுவில் அடைக்க முடியாது, அபராதம் வரும் என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் மூன்று தடவை நடக்க விட்டார்கள். 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி இந்த மாதிரிச் சிறு கடன்களை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கவே கூடாது. அதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போன நாலாவது தடவை வாங்கிக்கொண்டார்கள். குழுவில் மற்ற பெண்களுக்கு வருத்தம், நீ தப்பிச்சுட்டே என்று.

2025 ஜூனில் சின்னவனை அரசுப் பள்ளியில் சேர்த்தோம். புத்தகம், சீருடை, பஸ் பாஸ், மத்தியானம் சாப்பாடு முட்டையோடு. வருஷம் 18,000 மிச்சம் என்று நோட்டில் ஒரே வரி. அவன் பழைய பள்ளி வேன் தெருவில் போகும்போது உள்ளே போய்விடுவான், அது வரியில் வரவில்லை. இரண்டு மாசத்தில் கபடி டீமில் சேர்ந்தான், இப்போது வேனைக் கவனிப்பதில்லை. பெரியவளைப் பத்தாவது முடிகிற வரைக்கும் மாற்ற வேண்டாம் என்று விட்டோம். அவளுடைய முதல் டெர்ம் பீஸ் 9,800 ரூபாய் டின்னில் இருந்து போனது. கல்யாணம் ஆனதில் இருந்து கடன் வாங்காமல் கடந்த முதல் ஜூன்.

மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் கேஸுக்கும் மாமியாருக்கும் போய்விடும். இலவசம் கொடுத்துச் சோம்பேறி ஆக்குகிறார்கள் என்று எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் சொல்வார். நான் அவரிடம் பத்து மணி நேரம் நின்றுகொண்டு பீஸ் பார்க்கிறவள், பதில் சொல்வதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியது, வீட்டுக்காரர் வேலை பார்த்தது ஏற்றுமதிக்குத் தைக்கிற யூனிட். செப்டம்பரில் வாரம் மூன்று நாள், அக்டோபரில் அதுவும் சந்தேகம். 2022 மே மாதம் மாதிரியே. உள்நாட்டு ஆர்டர் எடுக்கிற இன்னொரு யூனிட்டுக்குக் குறைந்த ரேட்டுக்குப் போனார். டின் மொத்தமும் காலி, தீபாவளிக்குப் பலகாரம் மட்டும். ஆனால் ஹாரன் சத்தம் வாசலில் கேட்கவில்லை. ஃபிரிட்ஜ் தவணையும் ஜூலையிலேயே முடிந்திருந்தது, அதனால் குறைந்த சம்பளத்திலும் வாடகையும் சாப்பாடும் எப்படியோ ஓடிவிட்டது.

இதை எழுதுவது 2026 ஜனவரியில், இந்த மாதக் கடைசியில் வங்கியில் வைத்த செயினுக்கு வருஷம் முடிகிறது. எங்கள் வங்கியில் வட்டியை மட்டும் கட்டி மாற்றி எழுத முடியாதாம், அசலும் சேர்த்து 87,600 கட்டித் திருப்பிவிட்டுத்தான் மறுபடி வைக்க வேண்டும் என்கிறார்கள். அந்த ஒரு நாளைக்குப் பணம் கொடுக்க வங்கி வாசலிலேயே ஆள் நிற்கிறது, கமிஷனுக்கு. தங்கச்சி மாப்பிள்ளைக்கும் இப்போது வேலை குறைவு. டின்னில் 3,500 இருக்கிறது, வட்டி 7,600-க்கு இன்னும் நாலாயிரம் வேண்டும், வீட்டுக்காரர் இரண்டு வாரமாக ஞாயிற்றுக்கிழமையும் போகிறார். நோட்டு மூன்றாவது நோட்டு. அதில் அவர் கையெழுத்தில் தினமும் ஒரு வரி இருக்கிறது, டீ 30. முன்னே அது 60.